பூஜ்யப் புகார்

1989-ஆம் ஆண்டு பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் மறுகுடியேற்ற வாரியத்துக்கு லிண்ட் என்ற கருவி வந்து சேர்ந்தபோது, அதை வரவேற்க ஒட்டரிசியில் சமைத்த மஞ்சள் புலுட் சோறும் கோழிக்கறியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். கருவி என்றதும் நீங்கள் சக்கரம், பல் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். உள்ளங்கை அகலத்தில் கணினியில் செருகுகிற ஒரு தட்டு, அதற்குள் ஒரு நிரல், அவ்வளவுதான். நாம் எழுதிய கணினி நிரலை அதனிடம் கொடுத்தால் வரி வரியாகப் படிக்கும். இந்த வரியில் சந்தேகம், அந்த வரியில் சந்தேகம் என்று தாளில் அச்சடித்துத் தரும். திருத்தாது, தடுக்காது, திட்டாது. கண்டதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இப்படி ஒரு யோக்கியமான ஜீவன் அதற்கு முன்பு அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே இல்லை.

வாரியத்தில் நிரல் எழுதுகிறவர் சுப்பையா. நாற்பத்தாறு வயது. இருபது வருடமாகப் பதிவேட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்த மனிதரை ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் நிரலர் என்று பலகை எழுதி உட்காரவைத்துவிட்டார்கள். சுங்கை பினாங் ஆற்றோரத்துப் பலகை வீடுகளை இடிக்கப் போகிறார்கள். அங்கே இருக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அடுக்குமாடியில் வீடு ஒதுக்க வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்று சொல்லப்போவது சுப்பையாவின் நிரல்.

தர நிர்ணயப் பிரிவின் தலைவர் அப்புத்துரை. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கையெழுத்துப் போட்டே வளர்ந்த குடும்பம். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

“இனிமேல் இந்த வாரியத்தில வகை விளக்கம் இல்லாமல் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. விளக்கம் இருந்தால்தான் பொருள் இருக்குது. விளக்கம் இல்லையெண்டால், கண்ணுக்கு முன்னால நிண்டாலும் அது இல்லை. சனங்கள் எங்களை நம்பி வருகினம். வாறவை ஆரெண்டு முடிவுசெய்யிற பொறுப்பு எங்கட. அவைக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை.”

எல்லாரும் கைதட்டினார்கள். சுப்பையாவும் தட்டினார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

வகை விளக்கம் என்பது நிரலர்களுக்குப் பழகிய விஷயம்தான். ஒரு பெயரைச் சொன்னால் அது எண்ணா, எழுத்தா, தேதியா, குடும்பமா என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. லிண்ட் அந்த விளக்கங்களை வைத்துக்கொண்டுதான் நிரலைச் சோதிக்கும். இதற்குப் போய் யாராவது குழு அமைப்பார்களா? வாரியம் அமைத்தது. வகை விளக்கக் குழு. தலைவர் அப்புத்துரை, செயலாளரும் அப்புத்துரை. மூன்றாவதாக ஓர் உறுப்பினர் இருந்தார், அவர் நெடுநாள் விடுப்பில் இருந்தார். லிண்ட் ஒரு புகாரும் சொல்லாத நிரலுக்குக் குழு ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதற்குப் பெயர் பூஜ்யப் புகார்ச் சான்றிதழ். அது இல்லாமல் எந்தப் பட்டியலும் அச்சாகாது.

முதல் மாதம் நிரலுக்கு மட்டும் வகை கேட்டார்கள். இரண்டாம் மாதம் நாற்காலிகளுக்குக் கேட்டார்கள். மூன்றாம் மாதம் ஆட்களுக்கு.

ஆளாளுக்குச் சட்டையில் ஓர் அட்டை குத்தினார்கள். அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ரொஸ்னா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்காரி, மலாயும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிறவள். அவள் அட்டையில் ‘அச்சு மட்டும்’ என்று இருந்தது. அன்றிலிருந்து அவள் மேசையில் தொலைபேசி அடித்தால் எடுக்கக் கூடாது. அடித்து அடித்து ஓயும்.

“எடுத்தா என்னா ஆவும் அண்ணே?” என்று ரொஸ்னா கேட்டாள்.

“எடுக்காத லா. விநாசித்தம்பியப் பாத்தியா?” என்றார் சுப்பையா.

பார்த்திருந்தாள். எல்லாருமே பார்த்திருந்தார்கள். ஆவண அறையில் பழைய வரைபடங்களை எங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் விநாசித்தம்பி. அந்த வேலைக்கு விளக்கம் எழுதக் குழுவுக்கு வரவில்லை. அதனால் அவருக்கு அட்டை இல்லை. அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை, நீக்குவதற்கும் ஒரு வகை வேண்டுமே. ஒரு திங்கட்கிழமை அவருடைய நாற்காலி இல்லை. செவ்வாய்க்கிழமை மேசை இல்லை. புதன்கிழமை அவர் சன்னல் ஓரம் நின்றுகொண்டே இருந்தார். தேநீர் கொண்டுவருகிற அம்மாள், கண்ணீரோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனார். அந்த அம்மாளுக்கும் அட்டை இருந்ததல்லவா. அடுத்த வாரம் சன்னல் ஓரத்திலும் யாரும் இல்லை. யாரும் விசாரிக்கவில்லை. சுப்பையாவும் விசாரிக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

இந்த நேரத்தில்தான் வள்ளியம்மாவும் தனலெட்சுமியும் போராங்கோடு, அதாவது விண்ணப்பப் படிவத்தோடு, வந்து நின்றார்கள்.

போராங்கில் குடும்ப வகை என்று ஒரு கட்டம். கணவன் மனைவி பிள்ளைகள் என்றால் ஒன்று. பெற்றோரும் வளர்ந்த பிள்ளையும் என்றால் இரண்டு. தனிநபர் என்றால் மூன்று. தனிநபருக்கு இங்கே வீடு கிடையாது, கடல் தாண்டி செபராங் ஜெயாவில் ஆளுக்கோர் அறை. இந்த நாட்டில் எந்தப் போராங்காக இருந்தாலும் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், லாயின்-லாயின் என்று. அதாவது மற்றவை. இந்தப் போராங்கிலும் இருந்தது. எதிலும் சேராத பதினேழு குடும்பங்களைச் சுப்பையா அதில்தான் போட்டிருந்தார்.

தனலெட்சுமிக்கு அறுபத்து மூன்று வயது. கண் பார்வை போய்விட்டது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். வள்ளியம்மாவுக்கு ஐம்பத்தைந்து. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறாள். இரண்டு பேரும் ஒரே மனிதரைக் கட்டிக்கொண்டவர்கள். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது இருவரும் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று சுங்கை பினாங்கில் இன்றைக்கும் கதை சொல்வார்கள். அவர் போனபிறகு ஒருத்தியை விட்டு ஒருத்தி ஒருநாள் இருந்ததில்லை.

“தம்பி, வீடு பெருசா சின்னதாங்கிறதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றாள் வள்ளியம்மா. “ஒரே வீடா இருக்கணும். அக்காவத் தனியா விட முடியாது.”

“போட்டுடலாம் அக்கா. லாயின்-லாயின்ல இருக்கீங்க. கவலைப்படாதீங்க.”

சொன்ன வாய் மூடுவதற்குள் லிண்ட் ஒரு தாளைத் துப்பியது. முழு நிரலிலும் ஒரே ஒரு புகார். வரி 214: வீட்டு எண், மதிப்பு பெறாமலே பயன்படுத்தப்படலாம்.

சுப்பையாவுக்கு உடனே புரிந்தது. மற்ற மூன்று வகைக்கும் எந்த வீடு என்று நிரலில் எழுதியிருக்கிறது. லாயின்-லாயினுக்கு எழுதவில்லை, ஏனென்றால் குழு இன்னும் அதற்கு விளக்கம் கொடுக்கவில்லை. இரண்டே வரி எழுதினால் தீர்ந்தது. ஆனால் விளக்கம் இல்லாத வகைக்கு வரி எழுதினால் அவர் நாற்காலி திங்கட்கிழமை இருக்காது. எனவே விளக்கம் கேட்டு விண்ணப்பம் போட்டார். குழு இரண்டு பெண்களையும் நேரில் வரச்சொன்னது.

அப்புத்துரை நீண்ட மேசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் நாற்காலியிலும் அவருடைய கோட்டு தொங்கியது.

“குடும்பத் தலைவர் ஆர்?”

“அக்காதாங்க,” என்றாள் வள்ளியம்மா.

“வள்ளிதாங்க,” என்றாள் தனலெட்சுமி. “எனக்குக் கண்ணு தெரியாது. சமைக்கிறதும் அவதான், கூட்டிட்டுப் போறதும் அவதான்.”

“ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவு?”

இரண்டு பேரும் யோசித்தார்கள். இதுவரை யாரும் அவர்களிடம் இப்படிக் கேட்டதில்லை.

“ஒரே ஆளக் கட்டிக்கிட்டோமுங்க.”

அப்புத்துரை பேனாவைக் கீழே வைத்தார். “அது உறவில்லை அம்மா. அது சம்பவம்.”

சுப்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், நடைமுறையில ரெண்டு பேரும் ஒரே அடுப்பு…” என்று தொடங்கினார்.

“நடைமுறையைப் பற்றிப் பேச இது இடமில்லை சுப்பையா. நீர் இரும். அம்மா, உங்களை இரண்டு தனிநபராகப் பதிஞ்சால் ஒரு கரைச்சலும் இல்லை. செபராங் ஜெயாவில ஒராளுக்கு முதலாம் கட்டடம், மற்றாளுக்கு ஆறாம் கட்டடம். நல்ல காற்று.”

“ஐயா, நான் பக்கத்துல இல்லன்னா சோத்துத் தட்டு எங்க இருக்குன்னுகூட அக்காவுக்குத் தெரியாதுங்க.”

“பார்வை இந்தக் குழுவின்ர வரம்புக்குள்ள வராது,” என்றார் அப்புத்துரை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது. தன் வரம்பு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாமே என்கிற வருத்தம்.

விண்ணப்பம் ஆய்வில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இடிக்கிற நாள் மார்ச் முப்பத்தொன்று. மார்ச் இருபதுக்கு ஆய்வில் இருந்தது. இருபத்தைந்துக்கும் ஆய்வில் இருந்தது. வள்ளியம்மா தினமும் மத்தியானம் கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப்பார்ப்பாள். சுப்பையா தலையைக் குனிந்துகொள்வார். அவமானமாக இருந்தது. கோபம் கோபமாக வந்தது, வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். லிண்டிடம் ஒரு பலவீனம் உண்டு. நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி, அடுத்த வரியைப் பார்க்காதே என்று சொன்னால் பார்க்காது. சொன்ன பேச்சைக் கேட்கிற கருவி. 214-க்கு மேலே சுப்பையா அந்தக் குறிப்பை எழுதினார். பதினேழு குடும்பங்களுக்கும் எண் இருக்கவேண்டிய இடம் காலியாக அச்சாகும். கவுண்டரில் பூட்டிக் கிடக்கிற ஏதாவதொரு வீட்டு எண்ணைப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடலாம். இருபது வருடமாக அந்த வாரியம் அப்படித்தானே நடந்தது? காலியாக விட்டு, பிறகு பேனாவால் நிரப்பி. மனிதர் அந்தப் பழக்கத்தை நம்பினார்.

கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. புது எண் கொடுக்காவிட்டால், கையில் கடைசியாக இருந்த எண்ணையே திரும்பவும் கொடுத்துவிடும். லிண்ட் அதைத்தான் சொல்லப் பார்த்தது.

லிண்ட் பூஜ்யம் என்றது. அப்புத்துரை சான்றிதழில் கையெழுத்துப் போட்டார், பட்டியலும் ஒதுக்கீட்டுக் கடிதங்களும் அச்சானதும், சுப்பையா பார்ப்பதற்குள், உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள். மறுநாள் வள்ளியம்மா ஒரு கடிதத்தை நீட்டினாள். பி கட்டடம், நான்காம் மாடி, பதினொன்றாம் எண். அச்சில் தெளிவாக இருந்தது. சுப்பையாவுக்கு நம்ப முடியவில்லை. அப்புத்துரைக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார் போலிருக்கிறது, கடைசி நேரத்தில் மனம் இரங்கி அவரே எண் போட்டிருக்கிறார் என்று நினைத்தார். அன்றைக்கு அவரை எங்கே கண்டாலும் வணக்கம் சொன்னார்.

“நல்லா இருப்பீங்க தம்பி,” என்றாள் வள்ளியம்மா.

முப்பத்தொன்றாம் தேதி காலை பலகை வீடுகளை இடித்தார்கள். மத்தியானம் இரண்டு பெண்களும் பாய், பானை, சாமி படத்தோடு பி கட்டடத்துக்குப் பிண்டா செய்தார்கள், அதாவது குடிபெயர்ந்தார்கள். சாவி சரியாகத்தான் திறந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு சாவி உண்டு. ஒரு சாவியோடு அய்யாக்கண்ணு என்பவரும் அவர் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் காலையிலேயே வந்து உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் கடிதம் இருந்தது. அதே எண்.

அய்யாக்கண்ணு கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். கக்கூசுக்கு வந்து போகச் சொன்னார். ஆனால் இரண்டு அறையில் ஏழு பேர். எங்கே படுக்கவைப்பார்? மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் பாயை விரித்து இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள்.

செய்தி கேட்டுச் சுப்பையா ஓடினார். இரண்டு கடிதத்தையும் வாங்கிப் பார்த்தார். பட்டியலில் அய்யாக்கண்ணுவின் பெயருக்கு நேர் அடுத்து வள்ளியம்மா, அவருடைய எண்ணே இவளுக்கும் திரும்ப அச்சாகியிருக்கிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க ஏன் தம்பி அழுவுறீங்க? நீங்கதான் எங்களுக்குப் பேரு போட்டுக் குடுத்தீங்க,” என்றாள் வள்ளியம்மா. “ஆபீஸ்ல யாரோ செஞ்ச தப்பு. சுசா லா, பெரிய தொல்லை இந்த ஆபீஸ்காரங்களோட.”

அவர் எழுந்தார். நேரே அலுவலகம் போய் அப்புத்துரை முன்னால் நின்றார்.

“சார், தப்பு என்னோடது. லிண்ட் சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் வாயை அடச்சேன்.”

“எந்த வகைத் தப்பு?”

“சார்?”

“வகை விளக்கம் இல்லாத தப்பை நான் எப்படி ஏற்றுக்கொள்ளுறது? அந்தப் பட்டியலில பூஜ்யப் புகார்ச் சான்றிதழ் இருக்குது. அதில என்ர கையெழுத்து இருக்குது. என்ர கையெழுத்து இருக்கிற இடத்தில பிழை இருக்க ஏலாது. ஆகவே படிக்கட்டில ஒருத்தரும் இல்லை.”

“நான் இப்பத்தான் பாத்துட்டு வரேன் சார். அங்க உக்காந்திருக்காங்க.”

“நீர் பார்த்தீர். குழு பார்க்கயில்லை.” அப்புத்துரை முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். “அது கிடக்கட்டும். வாயை அடைச்சனான் எண்டு சொன்னீரே. அந்த வரியை ஒருக்கால் இதில எழுதிக் காட்டும்.”

சுப்பையா எழுதிக் காட்டினார். அப்புத்துரை அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி வந்தது. மறுவாரம் வாரியத்தின் எல்லா நிரல்களிலும், ஒவ்வொரு வரிக்கும் மேலே, அந்தக் குறிப்பைச் சேர்க்கும்படி சுற்றறிக்கை வந்தது. புகார்கள் மொத்தமாக ஒழிந்தன. புகார் இல்லாத வாரியத்துக்குப் புகார்க் கவுண்டர் எதற்கு? அதன் சன்னலைப் பலகை அடித்து மூடினார்கள். உள்ளே இருந்த குமாஸ்தாவை வெளியே அழைத்தார்களா என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

படிக்கட்டில் ஒரு மாதம் போயிற்று. இதே மாதிரி இரட்டை எண் விழுந்த மற்றப் பதினாறு குடும்பங்களும் அங்கங்கே படிகளில் கிடந்தன. ஏறி இறங்குகிறவர்கள் காலை ஒதுக்கி வைத்துப் போகப் பழகிக்கொண்டார்கள். வள்ளியம்மா வேலைக்குப் போகும்போது தனலெட்சுமியின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துவிட்டுப் போவாள். வந்து எடுக்கிற வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருக்கும்.

மே மாதத்தில் குழு நேரில் வந்தது, அளவு நாடாவோடு. அப்புத்துரை படி திரும்பும் இடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். தனலெட்சுமியையும் அளந்தார். ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது. அவருக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த வெள்ளிக்கிழமை வாரியத்தில் மறுபடியும் மஞ்சள் புலுட் சோறு.

“இந்த வாரியம் ஒருத்தரையும் கைவிடயில்லை,” என்றார் அப்புத்துரை. “லாயின்-லாயின் எண்ட சொல்லை இண்டையோட ஒழிச்சாச்சு. ஆளுக்கேற்ற வீடு இல்லாத இடத்தில, இடத்துக்கேற்ற ஆளை நாங்கள் விளக்கியிருக்கிறம். புது வகையின்ர பெயர் படிவாசி. நாலு கட்டடத்தில அறுபத்துநாலு படித் திருப்பம் சும்மா கிடக்குது. இனி ஒண்டும் சும்மா கிடக்காது.”

சுப்பையாதான் நிரல் எழுதினார். இந்தத் தடவை விளக்கம் தெளிவாக இருந்தது, எந்த வரியிலும் ஓட்டை இல்லை. மனசு கேட்காமல், சுற்றறிக்கையை மீறி, வாயடைக்கிற குறிப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு லிண்டிடம் கொடுத்துப் பார்த்தார். ஏதாவது சொல்லேன் என்று அதனிடம் மன்றாடினார், நிஜமாகவே வாய்விட்டு. ரொஸ்னா தலையைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளைத் தாள் வந்தது.

கடிதங்களை அவரே எடுத்துக்கொண்டு போனார். மலாயில் இருந்ததால் அவரே படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வள்ளியம்மா, படிவாசி, பி கட்டடம், மூன்றாம் நான்காம் மாடிகளுக்கு இடைப்பட்ட திருப்பம்.

“அப்ப இங்கேயே இருக்கலாமா தம்பி? யாரும் எழுப்ப மாட்டாங்களா?”

“எழுப்ப மாட்டாங்க அக்கா.”

“கேட்டியா அக்கா? எழுப்ப மாட்டாங்களாம்.”

சுப்பையா இரண்டாவது கடிதத்தைப் பிரித்தார். தனலெட்சுமி, படிவாசி, டி கட்டடம், முதலாம் இரண்டாம் மாடிகளுக்கு இடைப்பட்ட திருப்பம். ஒரு திருப்பத்தில் ஒருவர் மட்டும். கூடுதலாக ஆள் இருப்பது தெரிந்தால் இருவரின் வகையும் ரத்தாகும். காவலர் தினமும் மாலை வந்து பார்ப்பார்.

வள்ளியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வகை ரத்தானா என்னா ஆவும் தம்பி?”

அவருக்கு அது தெரியும். விநாசித்தம்பி நின்ற சன்னல் ஓரத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். கடிதத்தை மடித்தார். அவர் சொல்லாததைத் தனலெட்சுமி எப்படியோ புரிந்துகொண்டு, சுவரிலிருந்து கையை எடுத்து வள்ளியம்மாவின் தோளைத் தேடிப் பிடித்தாள்.

“டி பிளாக்குக்கு எத்தன படி வள்ளி? ஒருதடவ கூட்டிட்டுப் போ. எண்ணிவச்சுக்கிறேன்.”

இரண்டு பேரும் இறங்கத் தொடங்கினார்கள். வள்ளியம்மா ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் சொன்னாள், தனலெட்சுமி அதைத் திருப்பிச் சொன்னாள். சுப்பையா தனலெட்சுமியின் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.